விண்மீன் மண்டலங்களுக்கு அரைப்பேர்

ஒரு எண்ணை வாங்கி வருவதற்காக என்னைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். ஒரே ஒரு எண். தொலைபேசியில் கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவளுடைய தொலைபேசி எண் எங்கள் நிறுவனத்தில் ஒருவரிடமும் இல்லை. இரண்டு வருஷம் எங்களோடு வேலை பார்த்தவள், எங்கள் கேன்டீனில் சாப்பிட்டவள். யாரும் வாங்கி வைக்கவில்லை. எனக்கு ஆரம்பத்திலேயே கோபம்தான்.

அவள் பெயர் ஜெசிந்தா. இலங்கையில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். உதவித்தொகையில் எங்களிடம் வந்து, பிரபஞ்சம் பிறந்து நூறு கோடி வருஷம்கூட ஆகாத காலத்து விண்மீன் மண்டலங்களை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். நான் கணிப்பொறிப் பிரிவு. விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களைத் துடைத்து அவளுக்குக் கொடுப்பது என் வேலை. படம் என்றதும் காலண்டர் படம்போல நினைக்க வேண்டாம். அவள் எடுத்துக்கொண்ட பதினோரு மண்டலங்களும் அகச்சிவப்புப் படத்தில் பதினோரு அழுக்குப் புள்ளிகள். புள்ளியில் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று அளக்க வேண்டும். இவ்வளவு வெளிச்சத்துக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டும், அவை இளசா கிழடா என்று பார்த்து மொத்த எடையைச் சொல்ல வேண்டும்.

எடை அதிகமாக வந்தது. மிக அதிகமாக. பிறந்து ஒரு மாதம் ஆன பிள்ளை மீசையோடு உட்கார்ந்திருப்பதுபோல. எங்கள் பேராசிரியர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்தவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அட்டவணையில் ஒன்றைத் தவிர மற்ற எல்லா மண்டலங்களுக்கும் பக்கத்தில் ஜெசிந்தா ஆங்கிலத்தில் 'ஏ.பி.' என்று குறித்திருந்தாள். ஏ.பி. என்றால் எங்கள் தொழிலில் அபர்ச்சர், அந்த வார்த்தையின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து. வெளிச்சத்தை அளக்கப் புள்ளியைச் சுற்றிப் போடும் வட்டம். வட்டம் சின்னதாக இருந்தால் பாதி வெளிச்சம் வெளியே தங்கிவிடும், அதனால் இரண்டால் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். பேராசிரியர் பெருக்கியிருந்தார். வட்டத்தின் அளவு என்ன என்று பரிசீலித்தவர் கேட்டார். அது அவளுக்குத்தான் தெரியும். ஊருக்குப் போனவள் மூன்று மாதமாக ஒரு மின்னஞ்சலுக்கும் பதில் போடவில்லை.

"எண் வரவில்லை என்றால் அவள் பெயரை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவேன்" என்றார் பேராசிரியர். கொழும்பில் நடந்த ஒரு பயிற்சியைச் சாக்காக வைத்து என்னை அனுப்பினார். "அப்படியே போய் அதையும் முடித்துவிட்டு வா."

அப்படியேயாம். கொழும்புக்கும் ஹட்டனுக்கும் நடுவே இருப்பது ஏதோ அவர் வீட்டுக் கொல்லை போல.

அது 2005. சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வருஷம். சொல்லும்போதே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். ரயிலில் எனக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாவில் கல்வி அலுவலகத்தில் வேலை என்றார். மலை ஏறத் தொடங்கியதும் குளிர் காற்றில் நான் தூங்கிவிட்டேன். துறையூர்க்காரிக்குக் காற்று குளிர்ந்தால் அவ்வளவுதான். விழித்தபோது அவர் பையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீங்கள் எங்கை இறங்கவேணும்?"

"ஹட்டன்."

"ஹற்றன் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை ஆகுது. நல்ல நித்திரை கொண்டனீங்கள்."

நானுஓயாவில் இறங்கினேன். ஒரு வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார். நல்ல மனிதர்தான். தோட்டத்துப் பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றதும், "தோட்டத்துப் பிள்ளையள் கெட்டிக்காரர்தான், ஆனா கணக்கிலை கொஞ்சம் பின்தங்கினவை" என்றார், மழை வரும் என்று சொல்வதைப்போல. அந்தப் பெண் போடும் கணக்கை உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் போடத் தெரியாது என்று சொன்னேன். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார், நுவரெலியா வரும்வரை மடிக்கவில்லை.

ராத்திரி நுவரெலியாவில் தங்கினேன். கம்பளி இரண்டு போர்த்தியும் பல் தந்தியடித்தது. காலையில் பேக்கரியில் சிங்களம் தெரியாமல் கண்ணாடிக்குள் இருந்த முக்கோண ரொட்டியைக் கைகாட்டி வாங்கிக் கடித்தேன். உள்ளே மீன். பிறந்ததிலிருந்து மீன் தொடாதவள் நான். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றதைப் பார்த்துப் பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். பாலில்லாத தேநீருக்கு அங்கே அதுதான் பேர். சாயத் தண்ணீர் மாதிரி இருந்தது. தேயிலை விளையும் ஊரிலேயே இதுவா என்று கேட்டேன்.

"நல்லதெல்லாம் கப்பலேறிரும்ங்க" என்றார். "ஒதறுற தூசி நமக்கு."

அவர் பேசியதைக் கேட்டுத்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. அது எங்கள் ஊர்ப் பேச்சு. துறையூர்ச் சந்தையில் நின்று கேட்பதைப்போல. பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறி, இவ்வளவு மலை சுற்றி வந்தால் என் தெருக்காரர் தேநீர் விற்கிறார்.

ஹட்டனுக்குப் பஸ். ஹட்டனில் இறங்கி நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை போகும் பஸ். அந்தப் பஸ்ஸை ஓட்டியவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனில் கையை வைத்துவிட்டுக் கண்டக்டரோடு பேசினார். என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்:

"நேத்தும் எனக்கு அரைப்பேருதான் போட்டான்."

"ஒனக்காச்சும் அரை. பவளத்துக்குப் பேரே போடல."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "ஒங்க பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"ராமாயி."

"அரைப் பேருன்னா, ராமான்னு எழுதிட்டாங்களா?"

பஸ்ஸில் பாதி சிரித்தது. ராமாயி திரும்பி உட்கார்ந்து என்னை முழுசாகப் பார்த்தாள். "இந்தியாவா நீங்க? பேருன்னா ஒருநா வேலைங்க. காலையில ஆள் எண்ணி வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போயி நின்னு, நாள் பூரா கொழுந்து எடுத்து, கேட்ட கிலோ வந்தா முழுப்பேரு. கொறஞ்சா அரைப்பேரு. மழைக்கு எங்கிட்டு எடுக்கிறது?"

"நாள் முழுக்க நின்னதுக்கு?"

"நின்னதுக்கு யாருங்க பேரு போடுறா?" அதற்கும் பஸ் சிரித்தது. எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். "எங்க ஆளுகளும் அந்தப் பக்கந்தான். இத்தன வருசத்துல இப்பத்தான் ஒரு ஆளு வந்துருக்கீங்க. அதுவும் பேரு கேக்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த வளைவில் என் பை தரையில் உருண்டு போனது. ராமாயிதான் எடுத்துக் கொடுத்தாள்.

நோர்வூட் கடைவீதியில் ஜெசிந்தாவின் முகவரியைக் காட்டினேன். அங்கே நின்ற ஆட்டோக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, "இது நம்ம வீடுதான், ஏறுங்க" என்றார். அவள் அண்ணன், அந்தோனி. எனக்கு முப்பது வயதுக்கு மேல் சாமி நம்பிக்கை போய்விட்டது. அன்றைக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது.

"பேப்பர் விசயமா வந்தீங்களாக்கா?" என்றான். "வந்துருச்சா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"அடுத்த மாசம் தங்கச்சிக்குக் கேம்பஸ்ல இன்டர்வியூ. விரிவுரையாளர் வேல. அந்தப் பேப்பர்ல பேரு இருந்தாத்தான் எடுப்பாங்களாம். இல்லாட்டி இந்தத் தோட்டத்து ஸ்கூல்ல ஏழாம் வகுப்பு சயன்ஸ்தான் காலம் பூரா."

ஆட்டோ ஒரு தேயிலை மலையைச் சுற்றி ஏறியது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். லயம். தகரக் கூரை, நீளமாக ஒரே சுவர், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு குடும்பம். நான் அறியாதவள் இல்லை, சேரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளைக்காரன் கூலிகளுக்குக் கட்டின கட்டடத்தில், அவன் போய் இவ்வளவு காலமான பிறகும், அதே சுவருக்குள் ஜனங்கள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் நிறுவனத்தில் அவளுக்குக் கொடுத்த விடுதி அறை சின்னது என்று நான் ஒருமுறை நிர்வாகத்தோடு சண்டை போட்டிருந்தேன். அவள் அப்போது ஏன் சிரித்தாள் என்று இங்கே புரிந்தது.

ஜெசிந்தா உள்ளே அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. என்னைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்து நின்றாள்.

"ஏன் பதில் போடல நீ?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எதுக்குக்கா பதில்?"

"மூணு மாசமா மெயில் மேல மெயில் வந்துச்சே."

"எந்த மெயிலுக்கு?"

எங்கள் நிறுவனம் கொடுத்த முகவரிக்கு. அவள் கிளம்பிய வாரமே அதன் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டார்கள். பெட்டியை மட்டும் மூடவில்லை. அனுப்பியதெல்லாம் உள்ளே போய் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, அவளால் திறக்க முடியவில்லை. அவள் தன் சொந்த முகவரியிலிருந்து இரண்டு முறை பேராசிரியருக்கு எழுதியிருக்கிறாள். தெரியாத முகவரி என்றால் அவர் திறக்க மாட்டார்.

நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து அப்படித் திட்டியிருக்கக் கூடாது. அந்தோனி ரசித்துக் கேட்டான்.

தேங்காய் போட்ட ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டசம்பலும் கொடுத்தாள். காரம் உச்சியில் ஏறியது. மீன் இல்லை என்று சத்தியம் செய்தாள், மாசிக்கருவாடு போடாமல் எனக்காகத் தனியாக இடித்தாளாம். தின்றுகொண்டே வந்த வேலையைக் கேட்டேன். "அந்த ஏ.பி. போட்டியே, என்ன அளவு வட்டம்?"

"எந்த வட்டம்?"

"அபர்ச்சர்."

"அபர்ச்சரா?" அவள் கை ரொட்டிக்கல்லின் மேல் நின்றுவிட்டது. "அக்கா, ஏ.பி.ன்னா அரைப்பேரு."

நான் மென்றதை விழுங்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்க முடியாதே. அரைக்கு ஏ, பேருக்குப் பி. எனக்கு அடையாளத்துக்குப் போட்டேன். அந்தப் படம் மங்கல்னு ஒங்களுக்குத் தெரியும்ல? பக்கத்துல நிக்கிற வேற மண்டலத்து வெளிச்சமும் இதுல வந்து வழிஞ்சுரும். அதுல பாதி பக்கத்து ஆளோடது. அவன் கொழுந்த இவன் சாக்குல போட்டு நிறுத்தா, இவனுக்கு முழுப்பேரு குடுக்கலாமா? அதான் அரை. அப்பா மோசம்னு போன் வந்துச்சு. வந்து பாதியாக்கிக்கிறலாம்னு குறிச்சு வச்சிட்டுக் கெளம்பிட்டேன். அப்பா போயிட்டாரு. அதுக்குள்ள உதவித்தொக காலமும் முடிஞ்சிருச்சு, திரும்ப வர விடல." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "சார் என்ன பண்ணாரு?"

"ரெண்டால பெருக்கிட்டாரு."

ரொட்டி கருகியது. யாரும் திருப்பவில்லை.

பாதியாக்க வேண்டியதை இரட்டிப்பாக்கியிருக்கிறோம். நான்கு மடங்கு. பத்திரிகையில் வந்த ராட்சசக் குழந்தைகள், பேராசிரியரின் பேட்டி, பிரபஞ்சத்தின் வரலாற்றையே மாற்றி எழுத வேண்டும் என்ற பேச்சு எல்லாம் இந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் தினமும் சொல்லும் ஒரு வார்த்தையை நாங்கள் தப்பாகப் படித்ததால் வந்தது. காலையில் பஸ்ஸில் அதே வார்த்தையைக் கேட்டு நான் சிரிப்பு மூட்டியிருக்கிறேன்.

அட்டவணையின் நகல் என் பையில் இருந்தது. அவள் வகுத்து வகுத்து எழுதினாள். ஏ.பி. போட்டதெல்லாம் சாதாரண மண்டலங்களாகச் சுருங்கின. கடைசியில் ஒன்று நின்றது. படத்தின் ஓரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக இருக்கும் புள்ளி. ஏ.பி. போடாத ஒரே மண்டலம். இதுவரை மற்றவற்றுக்கு நடுவில் சின்னதாகத் தெரிந்ததால் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அதுதான் எல்லாவற்றிலும் கனம். அந்த வயதுக்கு அதுவே அதிகம்தான், ஆனால் முடியவே முடியாது என்று சொல்ல முடியாத எடை.

"எல்லாம் போச்சா?" என்றான் அந்தோனி.

"ஒன்னு இருக்கு."

"அதுக்கு?"

"முழுப்பேரு" என்றாள் ஜெசிந்தா.

"அது ஒன்னுதான் ஒழுங்கா வேலைக்குப் போயிருக்கு." பிறகு அவன் குரல் மாறியது. "ஒரு மண்டலத்த வச்சு அந்த சார் பேப்பர் போடுவாராக்கா?"

"போட மாட்டாரு."

"அப்ப ஒன்னும் சொல்லாதீங்க. ஏதோ ஒரு வட்டத்து அளவச் சொல்லி விடுங்க. அவ்ளோ தூரத்துல இருக்கிறத எவன் போயி நிறுத்துப் பாக்கப் போறான்? இங்க கொழுந்து நிறுக்கிற தராசுல கைய வைக்கிறான் தெனமும், அதக் கேக்கவே ஆளில்ல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன்மேல் வரவில்லை. ஜெசிந்தா கருகிய ரொட்டியைச் சுரண்டியபடி, "சொல்லாம விட்டா யாருக்குக்கா நட்டம்?" என்று கேட்டாள். போகப்போவது என் வேலை இல்லை. எனக்கென்ன, வாய் கிழிய நியாயம் பேசிவிட்டு ரயில் ஏறிவிடுவேன்.

மறுநாள் அவள் கோயில் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சேலையை மாற்றாமலே, "ஹட்டனுக்குப் போவோம்" என்றாள். ஆட்டோவில் போகும்போது சொன்னாள்: "நாளைக்கு எவளாச்சும் ஒருத்தி இந்த எடைய நம்பி அவ கணக்கப் போடுவா. அவளும் எங்கிட்டோ ஒரு மூலையில இருந்துதான் வந்திருப்பா." அந்தோனி முன்னால் பார்த்து ஓட்டினான். ஹாரனைத் தேவைக்கு மேல் அழுத்தினான்.

ஹட்டனில் கம்யூனிகேஷன் கடையிலிருந்து பேராசிரியர் வீட்டுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார். அவர் சொன்னது இது:

"ஏ.பி. என்றால் அபர்ச்சர். உலகம் முழுக்க அப்படித்தான்."

"எழுதினவளே இல்லை என்கிறாள்."

"புரியும்படி எழுதத் தெரியாதது என் தப்பா?"

"கேட்காமல் பெருக்கினது யார் தப்பு?"

பிறகு மிகவும் அமைதியாகச் சொன்னார். "சரி. அளவு தெரியவில்லை என்று விட்டுவிடுகிறேன். எடைகள் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு, கடைசியில் நன்றி என்று ஒரு வரி போட்டுவிடலாம். நீ வந்து சேர்."

தப்பு என்று தெரிந்த பிறகும். இருபது வருஷம் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். கோபக்காரர், கருமி, எல்லாம் தெரியும். இது தெரியாது. போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கடைக்காரர் இன்னொரு நம்பர் போடணுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் ஜெசிந்தா.

"கடைசியில ஒரு வரி நன்றி சொல்வாராம்."

"அரைப்பேரு கூட இல்ல" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு கடையில் இருந்த கணிப்பொறி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஆய்விதழின் ஆசிரியருக்கே எழுதினாள். அட்டவணை என்னுடையது, குறியீட்டைத் தப்பாகப் படித்துவிட்டார்கள், ஒன்றைத் தவிர மற்ற எடைகள் நான்கு மடங்கு அதிகம், இந்தக் கட்டுரையை நிறுத்துங்கள். ஏ.பி.க்கு விளக்கம் என்று ஆங்கிலத்தில் 'அரைப் பெயர்' என்றே அடித்தாள்.

"இது அவங்களுக்கு எப்புடிப் புரியும்?" என்றேன்.

"புரியாட்டிக் கேக்கட்டும். கேக்காமப் பெருக்குனதுதான இவ்வளவும்."

அடியில் என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். யோசித்தாள், சேர்த்தாள், அனுப்பினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் கடை வாசலில் நின்று வடை தின்றோம். அது நன்றாகவே இருந்தது, எங்கள் ஊர் வடையைவிட. சாயங்கால ரயிலில் என்னை ஏற்றிவிட்டபோது அந்தோனி எதிர்ச்சீட்டுக்காரரிடம், "இந்த அம்மா தூங்கிருவாங்க, கொழும்புல எழுப்பி விடுங்க" என்று சிங்களத்தில் சொன்னானாம். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கட்டுரை நின்றது. என்னைச் சம்பளப் பட்டியல் போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். மின்விசிறி நேராக அடிக்கும் இடம், பரவாயில்லை.

அடுத்த மாதம் அந்தோனியின் போனிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "பேப்பர் என்னாச்சுன்னு கேட்டாங்கக்கா. நிறுத்திட்டேன்னேன். ஏன்னு கேட்டாங்க. நிறுத்துப் பாத்தேன், அதான் நிறுத்திட்டேன்னு சொன்னேன். ஒருத்தருக்கும் புரியல."

"சிரிக்காத" என்றேன்.

"சரி. அந்த ஒத்தையா நிக்கிற ஒன்னோட படம் மட்டும் ஒங்ககிட்ட இருக்கும்ல? அத அனுப்புங்க. பேரு நானே போட்டுக்கிறேன்."